தகவலாளி எண் ஏழு

இல்லை, நீங்களே உட்காருங்கள், ஜன்னல் எனக்கு வேண்டாம். நான் கேட்க வந்தது வேறு. மேலே பலகையில் வாழையிலை சுற்றிய பொட்டலம் ஒன்று இருக்கிறதே, அது உங்களுடையதா? அதன் மேல் என் பையை வைத்துவிட்டேன். பைக்குள் கெட்டி அட்டை போட்ட ஆய்வேடுகள். என்ன, மாலையா? ரோஜா மாலையா? அடடா. எடுத்து மடியில் வைத்துக்கொள்ளட்டுமா? இருக்கட்டும் என்கிறீர்கள். வேறு இடமும் இல்லைதான், பெட்டியும் படுக்கையுமாக அடைத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் இறங்குகிறவரை எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கும். சின்ன விஷயங்களில் என் மனசாட்சி ரொம்பக் கூர்மையானது.

ஜோலார்பேட்டையா? கல்யாணமாக்கும். நல்லது, நல்லது. மாலையைச் சென்னையிலேயே வாங்கிக்கொண்டு போவது புத்திசாலித்தனம். நான் பங்காருப்பேட்டை வரை போய், அங்கே தங்கவயல் வண்டி பிடிக்க வேண்டும்.

என் பெயர் சாரநாதன். திருச்சேறைப் பெருமாளின் பெயர். பல்கலைக்கழகத்தில் பௌத்தம் கற்பிக்கிறேன் என்று சொன்னதும், சாரநாத்துக்காகப் பெயரை மாற்றிக்கொண்டேனா என்று கேட்பார்கள். இல்லை. அந்த ஊருக்கும் இந்தப் பெருமாளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நான் பௌத்தனும் இல்லை. முதல் வகுப்பிலேயே மாணவர்களிடம் இதைச் சொல்லிவிடுவேன். வயிற்றுப்புண்ணுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டருக்கு வயிற்றுப்புண் இருக்க வேண்டியதில்லை என்பேன். சிரிப்பார்கள். வருடா வருடம் சிரிப்பார்கள். மிலிந்தன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு அந்த வயிற்றுப்புண் இருந்தது. அதாவது, அவன் பிறவியிலேயே பௌத்தன்.

அவனைப் பார்க்கத்தான் போகிறேன். தங்கவயல்காரன். சுரங்கத்தில் வேலை செய்யப் போன தமிழர்களில் சில குடும்பங்கள் தாத்தா காலத்திலேயே புத்தரைக் கும்பிட ஆரம்பித்துவிட்டன. இவன் குடும்பம் அதில் ஒன்று. வகுப்புக்கு வந்த அன்றே அவனுக்குப் பாலி மந்திரங்கள் மனப்பாடம். எல்லாம் அப்பாவிடம் கேட்டுப் பழகியது. மற்ற பிள்ளைகள் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும்போது இவன் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் சொல்லிவிடுவான். கண்ணை மூடினால் பரவாயில்லை, கையையும் கூப்பிக்கொள்வான்.

"கையைப் பிரி மிலிந்தா. இது வகுப்பு, விகாரை இல்லை" என்றேன்.

"பசை போட்டு ஒட்டிக்கிட்டான் சார்" என்றாள் பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே கையைப் பிரித்தான். மறுநாள் பாதி மந்திரத்தில் கை மறுபடி சேர்ந்துவிட்டது. ஆள்காட்டி விரலை மட்டும் இப்படி, பக்கவாட்டில் ஆட்டினேன். பிரித்துக்கொண்டான். அந்தப் பருவம் முழுக்க நான் விரலை ஆட்டுவதும் அவன் கையைப் பிரிப்பதுமாகப் போனது. அப்புறம் ஆட்ட வேண்டிய தேவையே வரவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன். பக்தனை அறிஞனாக்குவது லேசுப்பட்ட காரியமில்லை. உள்ளே இருந்து பார்ப்பவனை வாசலுக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

வடை சாப்பிடுகிறீர்களா? காட்பாடி வடை நன்றாக இருக்கும். வேண்டாமா? காப்பி? அதுவும் வேண்டாமா? உங்களுக்கே வயிற்றுப்புண்ணோ என்னவோ. கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்கு வயிற்றைக் காலியாக வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

தங்கவயல் பௌத்தர்களின் சாவுச் சடங்குகள் பற்றித்தான் ஆய்வு. தலைப்பு நான் கொடுத்தது. அவன் கல்யாணச் சடங்கு என்று எழுதிக்கொண்டு வந்தான். கல்யாணத்தில் எல்லோரும் ஊரைப் பார்த்து மாற்றிக்கொள்வார்கள், சாவில்தான் பழையது நிற்கும் என்று சொல்லித் திருத்தினேன். ஆய்வுக்கு இரண்டு ஒழுங்குகள் உண்டு, எல்லாத் துறையிலும் இருப்பதுதான். விவரம் தருகிறவர்களின் பெயர் வெளியே வரக்கூடாது. தகவலாளி ஒன்று, தகவலாளி இரண்டு என்று எண் போட வேண்டும். எழுதுகிறவன் தன்னை 'ஆய்வாளர்' என்றுதான் சொல்லிக்கொள்ள வேண்டும். மூன்றாவது ஒன்று உண்டு, அது என் சொந்த ஒழுங்கு. என்னிடம் யாரும் எதையும் வாயால் சொல்லக்கூடாது. எழுதிக் கொண்டு வா என்பேன். பேச்சில் எல்லோரும் மேதைகள், தாளில்தான் சாயம் வெளுக்கும். கட்டடம் தீப்பிடித்தாலும் சாருக்கு எழுதித்தான் கொடுக்கணும் என்று பிள்ளைகள் கேலி பேசுவது என் காதுக்கு வந்திருக்கிறது. நான் ரசித்தேன்.

மிலிந்தன் நான்காவது இயலைத் தவிர எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டான். நான்காவது இயலுக்கு ஒரு சாவு வேண்டும். கேட்டு எழுதியது போதாது, கூட இருந்து பார்த்து எழுதியதாக ஒரு சடங்காவது இருக்க வேண்டும். ஊரில் முடியாமல் கிடக்கிறவர்களை விசாரித்து வைத்திருக்கிறான். ஆனால் யாரும் போய்ச்சேரவில்லை. மாதம் ஒருமுறை போன் செய்து கேட்பேன். ஒருநாள் என் மனைவி கேட்டுவிட்டாள்.

"யாராத்துல சாவு விழணும்னு இப்படிக் காத்துண்டிருக்கேள்? கேட்கவே நன்னாயில்லையே!"

"ஆய்வுக்காகம்மா" என்றேன்.

"ஆய்வுக்கானா மட்டும் நல்ல சாவா?" என்று உள்ளே போய்விட்டாள். அவளுக்கு முறையியல் தெரியாது.

அப்புறம் ஒருநாள் அவனே கூப்பிட்டான். நான் ஒரு தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருந்தேன். "சார், ஒரு விஷயம்" என்றான். "எழுதிக் கொண்டு வா" என்று வைத்துவிட்டேன். சில வாரம் ஆளைக் காணவில்லை. பிறகு நான்காவது இயலோடு வந்தான்.

என்ன இயல் தெரியுமா! தகவலாளி எண் ஏழு. அவருடைய சாவு. நான் பல வருடமாக எத்தனையோ களப்பணி எழுத்துகளைத் திருத்தியிருக்கிறேன், இப்படி ஒன்று கையில் வந்ததில்லை. உடல் எந்தத் திசை பார்த்துக் கிடந்தது, விளக்கு எந்தப் பக்கம், யார் எப்போது உள்ளே வந்தார்கள், எல்லாம் இருந்தது. கடைசியில் தண்ணீர் வார்ப்பார்கள். தரையில் தட்டு, தட்டில் ஒரு கிண்ணம். பிக்கு மந்திரம் சொல்லச் சொல்ல, குடும்பத்தினர் ஒரு கையோடு ஒரு கை சேர்த்துச் செம்பைப் பிடித்து, கிண்ணம் நிரம்பித் தட்டில் வழிகிறவரை வார்ப்பார்கள். செய்த நன்மையெல்லாம் அப்படி நிரம்பிச் செத்தவருக்குப் போய்ச் சேரட்டும் என்று பொருள். மூத்த மகனின் கை நடுங்கியதால் செம்பின் வாய் கிண்ணத்தின் விளிம்பில் இடித்துக்கொண்டே இருந்தது என்று எழுதியிருந்தான். செம்பு இடிக்கிற சத்தம்! அந்த வரியின் ஓரத்தில் சிவப்பு மையால் 'அருமை' என்று எழுதினேன். நான் சாதாரணமாக 'சரி' என்பதற்கு மேல் எழுதுகிறவன் இல்லை. கேன்டீனுக்கு அழைத்துப் போய்க் காப்பி வாங்கிக் கொடுத்தேன். குடித்தான்.

துக்கக்காரன் என்று பார்த்தால் தெரியாதா என்கிறீர்களா? அதைத்தான் சொல்ல வந்தேன். அந்த மக்களிடம் மொட்டை போடும் வழக்கமே கிடையாது. இரண்டாவது இயலில் அவனே எழுதியிருக்கிறான். வந்து நின்ற பையன் எப்போதும்போல் தலைவாரி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றான். எதை வைத்து நான் கண்டுபிடிப்பது?

அதோடு நான் விட்டிருக்கலாம். விடவில்லை. மகனின் பேட்டி இல்லாமல் இயல் முழுமையாகாது என்றேன். "சடங்கைப் பற்றிச் சொல்லிவிட்டாய், செய்தவனின் மனநிலை எங்கே? மறுபடி போ. மூத்த மகனைப் பிடி. தண்ணீர் வார்க்கும்போது என்ன நினைத்தாய் என்று கேள்" என்றேன்.

"கேக்கணுமா சார்?"

"கேட்கத்தான் வேண்டும்."

"சரிங்க சார்."

கொண்டு வந்தான். ஆய்வாளர் கேட்டது, மகன் சொன்னது என்று கேள்வி பதிலாக. எல்லாப் பதிலும் ஒரு வரி. தண்ணீர் வார்க்கும்போது என்ன நினைத்தீர்கள் என்பதற்கு, 'வழிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்' என்று மட்டும். எனக்குச் சப்பென்று போய்விட்டது. "இன்னும் ஒத்துழைக்கிற தகவலாளியாகப் பிடித்திருக்கலாமே" என்றேன். "அவரு அவ்ளோதான் சார் பேசுவாரு" என்றான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. என் பயிற்சி.

நீங்கள் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். சலிப்பாக இருந்தால் சொல்லிவிடுங்கள். இல்லையா? சரி.

போன வாரம் வாய்மொழித் தேர்வு. பட்டத்துக்கு அதுதான் கடைசிப் படி. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். வந்தவர்களுக்கு மாணவன் செலவில் ஒரு இனிப்பு, ஒரு காரம், காப்பி. குடும்பத்தோடு புதுப்புடவையில் வருவார்கள், ஏறக்குறைய விசேஷ வீடு மாதிரிதான். மிலிந்தனின் அம்மா வந்திருந்தார். விசாகம்மாள் என்று பெயர். அதிரசம் சுட்டுத் தூக்கில் எடுத்து வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"நீங்கதான் சாரா? உங்களப் பத்தித்தான் எப்பவும் பேச்சு. இவங்க அப்பாவுக்கு உங்கள ஒரு தடவை பாத்துடணும்னு ஆசை."

"அதற்கென்ன, பட்டமளிப்பு விழாவுக்கு அவசியம் அழைத்துக்கொண்டு வாருங்கள்" என்றேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். "சரிங்க சார்" என்றான் மிலிந்தன். எனக்கு நேரமாகிவிட்டது, மேடைக்குப் போய்விட்டேன்.

ஆமாம். நீங்கள் இப்போது பார்க்கிற மாதிரிதான் அவரும் பார்த்தார்.

வெளியிலிருந்து தேர்வாளராக வந்தவர் பிலோமினா அம்மையார். எனக்குச் சமமான வயது, குறைவான பேச்சு. எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் அவர் ஒரு கேள்வி கேட்டார். "சடங்கு நடக்கும்போது நீங்கள் எங்கே நின்றீர்கள், மிலிந்தன்?" களப்பணி செய்தவர்களிடம் வழக்கமாகக் கேட்கிறதுதான். அவன் தண்ணீர் எடுத்துக் குடித்தான். "பக்கத்துல, மேடம்" என்றான். "யார் பக்கத்தில்?" என்றார் அவர். அவன் திணறுவதாக எனக்குத் தோன்றியது. காப்பாற்ற நினைத்தேன். சத்தியமாகக் காப்பாற்றத்தான். "சடங்கின் ஒலிப்பதிவு இருக்கிறது அம்மா, கேட்டால் உங்களுக்கே தெரியும்" என்றேன்.

தேர்வில் போட்டுக்காட்ட அவன் மந்திரத்தின் தொடக்கத்தை மட்டும் வெட்டி வைத்திருந்தான். நானும் அதைத்தான், உச்சரிப்புக்காகக் கேட்டிருந்தேன். முழுப் பதிவும் மடிக்கணினியில் பக்கத்திலேயே இருந்தது. "அது வேணாம் சார், சத்தம் சரியா இருக்காது" என்றான். "பரவாயில்லை" என்று நானே எழுந்து போய்த் தண்ணீர் வார்க்கிற இடத்துக்குத் தள்ளிவிட்டேன்.

பிக்குவின் குரல் வந்தது. செம்பு கிண்ணத்தில் இடிக்கிற சத்தம் வந்தது. அவன் எழுதியபடியே, அச்சாக. நான் பிலோமினா அம்மையாரைப் பார்த்து, கேட்டீர்களா என்பதுபோலத் தலையாட்டினேன். அதற்குமேல் ஒரு பெண்ணின் குரல். "ஊத்துடா மிலிந்தா. அப்பாவுக்கு ஊத்துடா. கை நடுங்கினா நடுங்கட்டும், ஊத்து."

மூன்றாவது வரிசையில் விசாகம்மாள் எழுந்து நின்றுவிட்டார். தன் குரலைத் தானே கேட்கிறவர் முகம் எப்படி இருக்கும் என்று நான் அதற்குமுன் பார்த்ததில்லை. தூக்கு கீழே விழுந்து அதிரசமெல்லாம் உருண்டது. மந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மிலிந்தனின் இரண்டு கையும் மெல்ல மேலே வந்து சேர்ந்துகொண்டன.

என் விரல் ஆடியது. இப்படி. பக்கவாட்டில்.

வேண்டுமென்று இல்லை, பழக்கம். அவன் அதைப் பார்த்தான். கையைப் பிரிக்கவில்லை. மந்திரம் முடிகிறவரை அப்படியே நின்றான். பிறகு மடிக்கணினியை மூடி, அம்மாவின் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு வெளியே போனான். திரும்பி வரவில்லை.

"உங்களுக்குத் தெரியாதா?" என்றார் பிலோமினா அம்மையார்.

"தகவலாளிகளின் அடையாளம் இரகசியம்" என்றேன். முறைப்படி அது சரியான பதில். அவர் மதியச் சாப்பாடு சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். போகும்போது ஒன்று சொன்னார். வியாழக்கிழமை மறுபடி வருவாராம். மிலிந்தனும் வந்து, எங்கே நின்றான் என்ற அந்த ஒரே கேள்விக்குப் பதில் சொன்னால் கையெழுத்துப் போடுவாராம். இல்லையென்றால் ஆய்வுக்கான பதிவுக்காலம் முடிந்துவிடும். ஐந்து வருட உழைப்பு, பட்டம், எல்லாம் போச்சு. அவன் போனை எடுப்பதில்லை. அதனால்தான் இந்தப் பயணம்.

இதில் என் மனக்குறை ஒன்றுதான். அவன் சொல்லியிருக்கலாம் இல்லையா? ஒரு வார்த்தை. சார், செத்தது எங்க அப்பா என்று ஒரு வார்த்தை. நான் என்ன கல்லா? லீவு கொடுத்திருப்பேன். வேறு சாவு வரும்வரை காத்திருப்போம் என்று சொல்லியிருப்பேன். இல்லை, அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன், அதுவும் உண்மைதான். ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நேரே என்னிடம் வந்து...

என்ன? இன்னொரு தடவை சொல்லுங்கள்.

ஆமாம். எழுதிக் கொண்டு வா என்றேன்.

எழுதிக் கொண்டுதான் வந்தான்.

ஆம்பூர் வந்துவிட்டது போலிருக்கிறது. தோல் வாடை. கொஞ்சம் தண்ணீர் குடிக்கிறேன்.

அவன் அப்பா பெயரா? ஏன் கேட்கிறீர்கள்? இல்லை, சரியான கேள்விதான், துக்கம் விசாரிக்கப் போகிறவனுக்குப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். தகவலாளி ஏழைப் பற்றி எனக்கு எல்லாமே தெரியும். சுரங்கத்தில் பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை. சுரங்கம் மூடியதும் தினம் ரயிலேறி பெங்களூருக்குப் போய்க் காவல் வேலை. மூச்சிரைப்பு. வெல்லம் போட்ட காப்பிதான் பிடிக்கும். பௌர்ணமிக்குத் தன் கையால் பாயசம் வைப்பார். சாகும் முன்னால் மகனைக் கூப்பிட்டு, உன் வாத்தியாருக்கு எது வேண்டுமோ எல்லாம் குறித்துக்கொள், வெட்கப்படாதே என்று சொன்னார். அதுவும் இயலில் இருக்கிறது. பெயர் இல்லை. ஆய்வேட்டின் முன்பக்கத்தில் நன்றியுரை என்று எழுதியிருந்தான், அங்கே இருந்திருக்கும். ஆய்வேட்டில் குடும்பத்தை இழுக்காதே என்று அந்தப் பக்கத்தை நான் அடித்துவிட்டேன். படிக்காமலே அடித்தேன்.

வீட்டில் படம் மாட்டியிருப்பார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் படத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். நின்று கையை என்ன செய்வது என்றுதான் நேற்றிலிருந்து யோசிக்கிறேன். வியாழக்கிழமை வா என்று முதலில் சொல்வதா, கடைசியில் சொல்வதா? சொல்லலாமா? வந்தால், எங்கே நின்றாய் என்று அந்த அம்மையார் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் அவனில்லை என்று அவருக்கும் தெரியும் என நினைக்கிறேன்.

பேசுங்கள், பேசுங்கள், வீட்டிலிருந்துதானே. நான் இந்தப் பக்கம் பார்க்கிறேன்.

மன்னிக்க வேண்டும், பக்கத்தில் இருப்பதால் காதில் விழுந்துவிட்டது. "நான் வராம எடுத்துடப் போறாங்க, சொல்லி வை" என்றீர்களே. எதை எடுப்பது?

அக்காவா.

இன்று காலையிலா?

நான் கல்யாணமா என்று கேட்டேன். நீங்கள் பதிலே சொல்லவில்லை. நானே கேட்டு, நானே பதிலும் சொல்லிக்கொண்டு, சென்னையிலிருந்து இதுவரை உங்கள் காதில் சாவையும் சடங்கையும் ஓதிக்கொண்டு வந்திருக்கிறேன். வடை வேண்டாம் என்றதும் வயிற்றுப்புண் என்றேன். நீங்களாவது ஒரு வார்த்தை...

இல்லை. அதைச் சொல்ல மாட்டேன்.

இருங்கள், அவசரப்படாதீர்கள், ஜோலார்பேட்டையில் கொஞ்ச நேரம் நிற்கும். பையை நான் தூக்குகிறேன், நீங்கள் பொட்டலத்தை எடுங்கள். நசுங்கித்தான் போயிருக்கிறது. இந்தப் பக்கம் முழுக்க. பாருங்கள், என் பையிலும் இதழ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நசுங்கிய பக்கம் கீழே வருகிற மாதிரிப் போட்டால் தெரியாது என்று சொல்ல வாய் வருகிறது, பாருங்கள் என் புத்தியை. இரண்டு கையிலும் இந்த ஆய்வேட்டுப் பை. கும்பிடக்கூட முடியவில்லை.

கீழே வைத்துவிடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், எழுதிக்கொள்ள மாட்டேன். அக்கா பெயர் என்ன?